படிக்கு எவ்வளவு

வால்பரைசோவில் வீடு தேடுகிறவளுக்கு
முதலில் வேண்டியது பணமில்லை, முழங்கால்.
குன்றுக்குக் குன்று படிகள்,
நாலு படிக்கு ஒரு தரகர்.

நான் துறைமுகத்தில் எடைமேடைக்காரி.
லாரி ஏறி நிற்கும், எண் ஓடி நிற்கும்.
சீட்டில் எழுதிய எடைக்கும்
இரும்பு சொல்லும் எடைக்கும் நடுவே
ஒரு பொய் நிற்கும், தொப்பியைக் கூடக் கழற்றாமல்.
பதினேழு வருடம் அதைப் பார்த்தவள்
மனிதர்களையும் ஏற்றி நிறுத்தித்தான் பார்ப்பேன்.

முதல் தரகர் கடலைக் காட்டினார்.
வீட்டைக் காட்டச் சொன்னேன்,
மறுபடியும் கடலைக் காட்டினார்.
உங்கள் தரகு எவ்வளவு என்றேன்.
"நமக்குள் என்ன, செனோரா" என்றார்.
நமக்குள் அப்போது
பன்னிரண்டு நிமிடப் பழக்கம் இருந்தது.

அடுத்தவள் எதெல்வினா.
வாங்குகிறவருக்குத் தரகே கிடையாது,
ஒரு பேசோ வேண்டாம் என்றாள்.
அது விலைக்குள் முழுகிக் கிடந்ததை
பக்கத்து வீட்டு மெனாண்ட்ரோ
ஈரச் சட்டையை உதறியபடியே சொன்னார்:
"இதே வீடு, இதே ஓட்டை,
போன மாதம் நாலு மில்லியன் குறைவு."
சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சாவிக் கடையின் பின்னறையில் இருந்தார்
நிபால்டோ ஓயர்சுன்.
நான் உட்காரும் முன்பே ஒரு தாளை நீட்டினார்.
விலையில் நூற்றுக்கு இரண்டு. அதன்மேல் வரி.
"விற்பவரிடமும் இதே இரண்டு வாங்குவேன்,
அதையும் எழுதியிருக்கிறேன், படியுங்கள்.
கையெழுத்தாகும் நாளில், நோட்டரி முன்னால் கொடுத்தால் போதும்.
அதற்குமுன் யார் கேட்டாலும் தராதீர்கள்,
நானே கேட்டாலும்."

இரண்டு பக்கமும் வாங்குகிறவர்
யார் பக்கம்? என்றேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
"கஷ்டம்தான்" என்றார்.
அந்த ஒரு சொல்
சீட்டுக்கும் இரும்புக்கும் சரியாக இருந்தது.

மரிப்போசாஸ் குன்றில் மஞ்சள் வீடு.
பார்த்த மாத்திரத்தில்
மனதுக்குள் கட்டிலைப் போட்டுவிட்டேன்,
ஜன்னலோரம், தலைமாடு கடலுக்கு.
"மழை வரட்டும், இன்னொரு தடவை வருவோம்" என்றார்.
ஜூனில் வந்தது மழை.
நூற்று அறுபத்தோரு படி,
இரண்டு பேருக்கும் ஒரே குடை.
கூடத்தில் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்தார்,
என்னையும் வைக்கச் சொன்னார்.
பலகைக்கு அடியில்
ஓடை ஒன்று அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வாங்காதீர்கள்" என்றார்.
மூன்று மாதமாக அவர் ஏறி இறங்கியதன் கூலியும்
அந்தத் தண்ணீரோடு போனது.
முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

நல்லவர் என்று எழுதி இதை முடித்துவிடலாம்.
ஆனால் நான்காவது வீடு அமைந்தபோது
(சின்னது, தகரச் சுவர்,
ஜன்னலில் கடல் ஒரு விரற்கடை)
தரகில் கொஞ்சம் குறையுங்கள் என்றேன்.
குறைக்கவில்லை மனுஷன்.
"எழுதியது எழுதியதுதான்."
ஒரு பேசோ! காப்பிக்காவது!
நோட்டரி மேசையில் எண்ணி வைத்தபோது
கை எரிந்தது, பொய் சொல்லவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
நாலு குன்று, பதினோரு நடை,
மொத்தத் தரகை மொத்தப் படியால் வகுத்தேன்.
படிக்கு ஒரு ரொட்டி விலை வந்தது.
வாங்காத வீட்டுக்கு எவ்வளவு?
அதை எதால் வகுப்பதென்று தெரியாமல்
பென்சிலை வைத்துவிட்டேன்.

இன்று மழை.
அவர் கொடுத்த தாளை எடுத்துப் பார்க்கிறேன்.
வீட்டின் குறைகள், மூன்றாம் வரி:
சமையலறை, வடமூலை, ஒழுகும்.
ஒழுகுகிறது.
சொன்ன மூலையிலேயே, அங்குலம் பிசகாமல்.
வாளியை வைத்துவிட்டுத்
தூங்கப் போகிறேன்.